'அலர்ட் அனுப்பியாச்சு'... ஆனால் போனுக்கு வந்ததா? புஷ் நோட்டிஃபிகேஷன் வேலை செய்வது இப்படித்தான்!

2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் கொட்டிய மழை 94.6 செ.மீ. தூத்துக்குடி மாவட்டத்தில் பல ஊர்களில் கரண்ட் போச்சு, செல்போன் சிக்னலும் போச்சு. இப்படி ஒரு ராத்திரியில் ஒரு ஆப் அனுப்பும் எச்சரிக்கை உங்கள் கைக்கு வந்து சேருமா? வழியில் எங்கே சிக்கும்?

நேரா போனுக்கு வருமா?

வராது. ஆப் நிறுவனத்தின் சர்வருக்கும் உங்கள் போனுக்கும் நடுவில் ஒரு 'தபால் ஆபீஸ்' இருக்கிறது. ஆண்ட்ராய்டு போன்களுக்கு கூகுளின் எஃப்.சி.எம்., ஐபோனுக்கு ஆப்பிளின் ஏ.பி.என்.எஸ். நீங்கள் ஆப்பை இன்ஸ்டால் செய்ததும் உங்கள் போனுக்கென்று 'டோக்கன்' என்ற நீளமான முகவரி உருவாகி, சர்வரில் பதிவாகும். எச்சரிக்கை விட வேண்டிய நேரத்தில் சர்வர் புரோகிராம் அந்த டோக்கன், தலைப்பு, செய்தி மூன்றையும் கட்டி, தன் ரகசியச் சாவியோடு தபால் ஆபீஸுக்கு அனுப்பும். போனில் கொண்டுவந்து சேர்ப்பது அதன் வேலை.

'ஓகே' என்று பதில் வந்தால் போதுமா?

போதாது. 'தபாலை வாங்கிக்கொண்டோம்' என்பதுதான் அந்த 'ஓகே'வுக்கு அர்த்தம். போன் ஆஃப் ஆகியிருந்தாலோ, நெட் இல்லையென்றாலோ மெசேஜ் அங்கேயே காத்திருக்கும். எஃப்.சி.எம்.-இல் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 28 நாள் வரைக்கும்கூட!

'இன்று கடலுக்குப் போக வேண்டாம்' என்ற அலர்ட் திங்கட்கிழமை கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். சிக்னல் எட்டாத கடலில் இருக்கும் மீனவருக்கு, அவர் வியாழக்கிழமை கரை திரும்பிய பிறகுதான் அது வந்து விழும். அன்றைக்கு கடல் அமைதியாக இருந்தாலும் போனில் 'இன்று' என்றுதான் இருக்கும். அதனால் சர்வர் புரோகிராமில் மூன்று விஷயங்கள் கட்டாயம்:

* கெடு: 6 மணி நேரத்துக்கான எச்சரிக்கை என்றால், 6 மணி நேரத்தில் காலாவதியாக வேண்டும்.

* அவசரம்: 'ஹை பிரையாரிட்டி' என்று குறித்தால்தான் தூங்கிக் கிடக்கும் ஆண்ட்ராய்டு போன் உடனே விழிக்கும். சினிமா செய்திக்கெல்லாம் இதைப் பயன்படுத்தக் கூடாது.

* சுத்தம்: ஆப்பை அழித்தவர்களின் டோக்கன் செல்லாது என்று பதில் வரும். அதை உடனே நீக்க வேண்டும். இல்லையென்றால் 'ஆயிரம் பேருக்கு அனுப்பினோம்' என்ற கணக்கே பொய்யாகிவிடும்.

தமிழுக்கு இடம் அதிகம்

ஒரு மெசேஜின் அளவு 4,096 பைட்டுக்குள் இருக்க வேண்டும். 'காயல்பட்டினம்' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தால் 13 பைட், தமிழில் 39 பைட். எனவே முதல் வரியிலேயே ஊர், ஆபத்து, செய்ய வேண்டியது மூன்றும் வந்துவிட வேண்டும்.

நெட் இல்லையென்றால்?

அதற்குத்தான் 'செல் பிராட்காஸ்ட்'. 2023-இல் இந்தியா முழுக்க போன்கள் திடீரென அலறியது நினைவிருக்கிறதா? அது இந்த முறைக்கான சோதனை. டவரில் இருந்து அந்தப் பகுதியில் உள்ள போன்களுக்கு ஒரே நேரத்தில் போகும். ஆப், டோக்கன், இன்டர்நெட் எதுவும் வேண்டாம். ஆனால் டவரே படுத்துவிட்டால் இதுவும் வராது. அப்போது கைகொடுப்பது ரேடியோவும் தெருவில் வரும் ஒலிபெருக்கியும்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது

தமிழ்நாடு அரசின் 'டிஎன் அலர்ட்', தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' ஆப்களை வைத்திருந்தால் மட்டும் போதாது. ஆண்ட்ராய்டு 13-க்குப் பிறகு, நீங்கள் அனுமதி கொடுத்தால்தான் ஆப் நோட்டிஃபிகேஷன் காட்ட முடியும். செட்டிங்ஸில் அது ஆனில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். மழை சீசனில் பவர் பேங்க்கை முந்தின நாளே சார்ஜ் போட்டு வையுங்கள். அலர்ட் வரவில்லை என்பதற்காக ஆபத்து இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.