பையன்களுக்கு பீரியட்ஸ் பற்றி எப்போது, என்ன சொல்லணும்?

உங்கள் ஆறாம் வகுப்பு குரூப் போட்டோ இருந்தால் எடுத்துப் பாருங்கள். பையன்களும் பெண்களும் சேர்ந்து படித்த வகுப்பு என்றால், பின்வரிசையில் உயரமாக நிற்பவர்களில் பெண்கள் நிறையப் பேர் இருப்பார்கள். பருவ மாற்றம் பெண்களுக்கு 8 முதல் 13 வயதுக்குள் தொடங்குகிறது. பையன்களுக்கு 9 முதல் 14. பக்கத்து பெஞ்சில் நடக்கிற இந்த மாற்றத்தைப் பற்றிப் பையனிடம் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. யூனிஃபார்மில் கறை தெரிந்தால் அவன் சிரிப்பது அதனால்தான்.

ஸ்கூலில் சொல்லித் தருவாங்களே?

தருகிறார்கள், ஆனால் லேட்டாக. என்சிஇஆர்டியின் பழைய புத்தகத்தில் இந்தப் பாடம் 8-ஆம் வகுப்பில் இருந்தது. 2025-ல் வந்த புதிய அறிவியல் புத்தகம் அதை 7-ஆம் வகுப்புக்குக் கொண்டுவந்தது. அப்போதும் பையனுக்கு 12 வயது; வகுப்பில் சில பெண்களுக்கு அதற்கு முன்பே பீரியட்ஸ் வந்திருக்கும். 2005-ல் மத்திய அரசு தொடங்கிய வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007-ல் மகாராஷ்டிரா, கர்நாடகா உள்ளிட்ட மாநிலங்கள் எதிர்த்து நிறுத்தியதும் நடந்தது.

டேட்டா என்ன சொல்கிறது? 15–24 வயதுப் பெண்களில் பீரியட்ஸின்போது சுகாதாரமான முறைகளைப் பயன்படுத்துவோர் 57.6 சதவீதத்திலிருந்து 77.3 சதவீதமாக உயர்ந்திருக்கிறார்கள் என்கிறது தேசிய குடும்ப நல ஆய்வு (2019–21). நல்ல செய்திதான். ஆனால் அந்த ஆய்வு ஆண்களிடம் பேசுவதே 15 வயதிலிருந்துதான். 10 வயதுப் பையனுக்கு என்ன தெரியும் என்பது அதில் கிடைக்காது.

சரி, என்ன சொல்வது?

கர்ப்பப்பையின் உட்சுவர் மாதாமாதம் தடிக்கும், கரு தங்காதபோது உதிர்ந்து வெளியேறும். அது காயமும் இல்லை, நோயும் இல்லை. பொதுவாக 2 முதல் 7 நாள். மொத்த ரத்தமே பெரும்பாலும் 30–40 மில்லி, அதாவது சில ஸ்பூன். முக்கியமான ஒன்று: இதைச் சிறுநீர் மாதிரி அடக்கிவைக்க முடியாது. முதல் ஓரிரு வருடங்களில் சுழற்சி 21 நாளாகவும் இருக்கும், 45 நாளாகவும் இருக்கும். தேதியை அவளாலேயே கணிக்க முடியாது. கறை படிவது கவனக்குறைவு இல்லை என்பது இதைச் சொன்னால்தான் பையனுக்குப் புரியும். கர்ப்பப்பை இறுகுவதால் வயிற்றுவலி வரும், அது நடிப்பு இல்லை. மார்பக வளர்ச்சி பீரியட்ஸுக்குச் சுமார் 2 வருடம் முன்பே தொடங்கிவிடும். அதைப் பற்றிக் கமென்ட் அடிக்கக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

குரல் உடைவது, தூக்கத்தில் விந்து வெளியேறுவது என்று அவனுக்கு வரப்போவதையும் சேர்த்தே பேசுங்கள். அவனுக்கும் பயம் இருக்கும்.

நம் ஊரில் மஞ்சள் நீராட்டு விழாவுக்குத் தெருமுனையில் பேனர் வைப்போம். அந்த பேனரின் கீழே நிற்கிற தம்பிக்கு இது எதற்கான விருந்து என்று மட்டும் சொல்ல மாட்டோம்.

ஒரே நாளில் உட்காரவைத்து லெக்சர் எடுக்க வேண்டாம். பேட் விளம்பரம் வந்தால் சேனலை மாற்றாதீர்கள். அடுத்த முறை மெடிக்கல் ஷாப்புக்கு அவனையும் கூட்டிப்போய், கறுப்பு கவர் வேண்டாம் என்று சொல்லி வாங்குங்கள். இதை அப்பாவோ மாமாவோ செய்தால் இன்னும் நல்லது. வகுப்பில் யாருக்காவது கறை தெரிந்தால் அவளிடம் மட்டும் மெதுவாகச் சொல்லணும், ஸ்வெட்டர் இருந்தால் கொடுக்கணும், அவள் எழுந்து வெளியே போனால் ஏன் என்று கேட்கக் கூடாது. 10 வயதில் இவ்வளவு தெரிந்தால் போதும்.