ஏட்டுச் சட்டமும் நாட்டு வழக்கமும்

என்ன சரக்கு? எங்கிருந்து வருகிறது? சீட்டு எங்கே? ஆந்திர எல்லையை அடுத்த எளாவூர்ச் சோதனைச் சாவடி கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்விகள் இவை. உப்புக்கும் புளிக்கும் கேட்கப்பட்ட இக்கேள்விகள், தமிழன் தலையில் சட்டம் என்னும் சுமை ஏற்றப்பட்டபோது கேட்கப்பட்டனவா? கேட்டார் ஒருவர். அவர் தமிழரல்லர், ஆங்கிலேயர். சட்டத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற விழையும் இளைஞர்கள் முதலில் அறிய வேண்டிய பெயர் அவருடையது: ஜே. எச். நெல்சன்.

சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்தவர். 1868இல் மதுரை நாட்டைப் பற்றிப் பெருநூல் வெளியிட்டவர். மக்கள் வாழும் முறை ஒன்றாக இருக்க, நீதிமன்றம் அவர்களுக்கு உரைத்த சட்டம் வேறொன்றாக இருக்கக் கண்டார். 1877இல், சென்னை உயர்நீதிமன்றம் கையாளும் இந்துச் சட்டத்தையே நூலெழுதிக் கேள்விக்குள்ளாக்கினார். மனுவும் மிதாட்சரமும் இம்மக்களில் மிகப் பெரும்பாலோர் படித்தறியாதவை, கேட்டறியாதவை. அவற்றை இவர்களுடைய சட்டம் என்பது எப்படிப் பொருந்தும் என்பதே அவர் வாதம்.

மிதாட்சரம் எங்கிருந்து வந்த சரக்கு? சாளுக்கியரின் தலைநகராம் கல்யாணியில் விஞ்ஞானேசுவரர் வடமொழியில் எழுதிய உரைநூல். அதன் சொத்துரிமைப் பகுதியைக் கோல்புரூக் ஆங்கிலமாக்கி 1810இல் வெளியிட்டார். வடமொழி அறியாத நீதிபதிக்கு அந்த மொழிபெயர்ப்பே வேதமாயிற்று! உழவனுக்கும் நெசவாளிக்கும் அதிலிருந்தே தீர்ப்பு.

வழக்கத்திற்கு இடமே இல்லையா? உண்டு என்றது இலண்டன் பிரிவி கவுன்சில். அதே 1868இல், இராமநாதபுரம் சுவீகார வழக்கில், தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்கம் ஏட்டை வெல்லும் என்று கூறிற்று. கேட்க இனிக்கிறது. ஆனால், மெய்ப்பிக்க வேண்டியவன் யார்? ஏட்டுக்குச் சான்று வேண்டியதில்லை. ஏழையின் வழக்கத்திற்கோ தொன்மை வேண்டும், தொடர்ச்சி வேண்டும், சாட்சி வேண்டும். எழுத்தறியாதவன் எந்த ஓலையைக் காட்டுவான்?

நெல்சனுக்கு எதிர்ப்பு எழாமல் இல்லை. உயர்நீதிமன்ற நீதிபதி இன்னசு, 1882இல் ஆளுநருக்கு எழுதிய மடலாகவே ஒரு மறுப்பு நூலை வெளியிட்டார். நெல்சன் அடங்கவில்லை; 1887இல் நீதிபதிகள் ஆக்கிய சட்டம் என்று தலைப்பிலேயே சுட்டி மற்றொரு நூல் தந்தார். எனினும் நீதிமன்றம் தன் தடத்திலேயே நடந்தது.

கடலுக்கு அப்பால் நடந்ததைப் பாருங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களைத் தொகுக்குமாறு டச்சு ஆட்சி கட்டளையிட்டது. அங்கே நெடுங்காலம் வாழ்ந்த கிளாசு ஐசாக்சு தொகுத்தார். தமிழாக்கி, 12 முதலியார்களிடம் காட்டி ஒப்புதல் பெற்றனர். 1707இல் தேசவழமை உருவாயிற்று. அதுவும் மேற்குடியார் ஒப்பிய வழக்கம்தான். அடிமை முறையும் அதிலே இடம்பெற்றது. ஆயினும், மக்களைக் கேட்டுச் சட்டம் எழுதலாம் என்று அவர்களுக்குத் தோன்றியதே!

தொன்மை கேட்கும் நோய் பிற்காலத்திலும் தீரவில்லை. புரோகிதரின்றி நடந்த சுயமரியாதைத் திருமணம், சடங்குமில்லை, தொன்று தொட்ட வழக்கமுமில்லை, ஆகவே செல்லாது என்றது சென்னை உயர்நீதிமன்றம், தெய்வானை ஆச்சி வழக்கில், 1953இல். மாலை மாற்றி மணந்தோர் மனைவியரா அல்லரா என்று நீதிமன்றம் ஐயுற்ற அந்த நிலையை மாற்ற, 1967இல் அண்ணா ஆட்சியில் சட்டமன்றம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்தது. 1968 சனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. முன்பே நடந்த மணங்களும் செல்லும் என்றது. 2023இல்கூட அப்பிரிவின் பொருளை உச்சநீதிமன்றம் விளக்க வேண்டியிருந்தது.

இன்று எளாவூர் இளைஞனுக்குச் சட்டக் கல்வி தொலைவில் இல்லை. 1891இல் தோன்றிய சென்னைச் சட்டக் கல்லூரி 2018இல் இடம் பெயர்ந்தபோது, அதன் ஒரு பகுதி அவன் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, பட்டரைப்பெரும்புதூருக்கு வந்தது. முனைவர் பட்டத்திற்கு, 1997இல் தோன்றிய தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. காலம் குறைந்தது 3 ஆண்டு.

எதை ஆராய்வது? தீர்ப்புகளை ஒட்டிச் சேர்த்து அட்டை போட்டால் ஆய்வாகிவிடாது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். அதன் 15ஆம் பிரிவு, ஒரு கடன் கொத்தடிமைக் கடன் என்று உழைப்பாளி கூறினால், அல்லவென்று மெய்ப்பிக்கும் பொறுப்பைக் கடன் கொடுத்தவன் மீதே வைக்கிறது. நெல்சன் காலத்து ஏழைக்குக் கிட்டாத நீதி! இம்மாவட்டத்துச் செங்கற்சூளைகளில் முன்பணம் வாங்கிச் சிக்கிய இருளர்க்கு அந்தப் பிரிவு எத்தனை முறை கைகொடுத்தது? கோட்டாட்சியர் அலுவலகக் கோப்புகளைப் புரட்ட வேண்டும். பின்பு சூளைக்கு நடந்து, அங்குள்ளோரைக் கேட்க வேண்டும்.