விராலும் கட்லாவும்: சித்தூர் ஏரிகளின் ஆக்சிஜன் வரலாறு

திருப்பதி தேவஸ்தானம் 1931 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்ட கோயிற் சாசனங்களுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. விசயநகர காலத்துக் கொடையாளர்கள் கோயிலிடம் பொன்னை ஒப்படைத்தனர். கோயில் அதனைத் தன் ஊர்களில் ஏரி வெட்டவும் கால்வாய் திருத்தவும் செலவிட்டது. கூடுதலாக விளைந்த நெல் நைவேத்தியத்துக்குச் சென்றது. பர்ட்டன் ஸ்டைன் 1960இல் எழுதிய கட்டுரைக்குப் பின் இம்முதலீட்டு முறை வரலாற்று மாணவர்களுக்கு நன்கு அறிமுகம். அந்த ஏரிகளின் நெல்லைப் பற்றிப் பேசிய அளவுக்கு அவற்றின் மீனைப் பற்றி ஆய்வுலகம் பேசவில்லை.

மீனுக்கும் சாசனத்தில் இடமுண்டு. ஏரி குளங்களில் மீன்பிடிக்கும் உரிமைக்குச் செலுத்திய வரியைத் தமிழ்ச் சாசனங்கள் ‘பாசிப்பாட்டம்’ என்கின்றன. மீன் வருவாயை ஏரிப் பராமரிப்புக்கே ஒதுக்கிய சாசனங்களும் உள. மீன்வரி பாசியின் பெயரைத் தாங்கி நிற்பது கருதத்தக்கது. ஏரி மீனின் வாழ்வும் சாவும் பாசியைச் சார்ந்தவை. பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிடுகிறது. இரவில் அதுவே ஆக்சிஜனை உட்கொள்கிறது. அடியில் அழுகும் சேறும் தன் பங்கை எடுத்துக்கொள்ள, விடியலுக்குச் சற்று முன் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைந்த அளவில் நிற்கும். வெப்பம் இக்குறையைப் பெருக்குகிறது. 20 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் அது 7.5 அளவுக்குச் சுருங்கும்.

சித்தூர்ப் பகுதியின் ஏரிகள் பெரும்பாலும் ஆழமற்றவை. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிக் கோடையில் சேற்றுக்குட்டையாகச் சுருங்குபவை. இத்தகைய நீரில் தலைமுறை தலைமுறையாக நிலைத்தவை விரால், தேளி, பனையேறிக் கெண்டை முதலியன. இவை மேற்பரப்புக்கு வந்து காற்றையே நேரடியாகச் சுவாசிப்பவை. தரங்கம்பாடியில் 1791இல் பனைமரத்தில் இருந்த மீனொன்றைக் கண்டதாக டேனிய அதிகாரி டால்டார்ஃப் எழுதிய குறிப்பு 1797இல் இலண்டனில் அச்சேறியது. அம்மீன் தானே ஏறியதா, பறவை கொண்டுபோய் வைத்ததா என்ற வாதம் நெடுநாள் நீடித்தது. ‘பனையேறி’ என்று பெயரிட்ட தமிழருக்கு அவ்வையம் இருந்ததாகத் தெரியவில்லை! சென்னைப் படையின் மருத்துவராக வந்து மீனியல் அறிஞரான பிரான்சிஸ் டே, மேலே வரவிடாமல் தடுத்தால் விரால் நீருக்குள்ளேயே மூச்சடைத்து இறக்கும் எனச் சோதனையால் காட்டினார். நீரில் கரைந்த ஆக்சிஜனை எளிதாக அளக்கும் விங்க்ளர் முறை வந்ததோ 1888இல்தான்.

ஆகவே பழைய ஏரியில் ஆக்சிஜன் குறைந்தாலும் மீன்பிடிப்பு முற்றாக அழிந்துவிடவில்லை. அக்குறையைத் தாங்கும் மீனே அங்கு மிகுந்திருந்தது. இந்நிலையை மாற்றியது 1957 ஜூலை 10. அன்று கட்டக்கில் ஹீராலால் சௌத்ரியும் அலிகுஞ்ஞும் பிட்யூட்டரிச் சாற்றை ஊசிவழிச் செலுத்திக் கெண்டையினங்களை முட்டையிடச் செய்தனர். ஆற்றில் குஞ்சு பொறுக்க வேண்டிய தேவை குறைந்தது. கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் நாடெங்கும் ஏரிகளில் விடப்பட்டன. வேகமாக வளரும் இம்மீன்கள் செவுளை மட்டுமே நம்பியவை. லிட்டருக்கு 2, 3 மில்லிகிராமுக்குக் கீழே ஆக்சிஜன் இறங்கினால் இவை வாயைத் திறந்தபடி மேற்பரப்பில் திணறும். குத்தகைப் பணமும் குஞ்சுவிலையும் கட்டி ஏரியை எடுத்த மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கு, மேகமூட்டம் நீடித்த ஒரு வாரத்தின் கடைசி விடியலில் ஆண்டு முழுவதன் வருவாயும் மிதந்துவிடக்கூடும்.

நகரக் கழிவுநீர் கலக்குமிடத்தில் இவ்வாபத்துக்குப் பருவமும் வேண்டியதில்லை. 1995 ஜூனில் பெங்களூரின் சாங்கி ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தபோது, கழிவுநீரால் ஆக்சிஜன் திடீரென வீழ்ந்ததே காரணம் என ஆய்வாளர் கண்டனர். திருப்பதி போல் விரைந்து வளரும் ஊர்களின் ஏரிகளுக்கு இது அயல்செய்தியன்று.

சந்தை இதற்கு ஒரு குறுக்குவழியைக் கண்டது: காற்றைச் சுவாசிக்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தி. பிற மீன்களைத் தின்று தீர்ப்பதால் 2000இல் தடை விதிக்கப்பட்டும், அழுக்குக் குட்டைகளில் அதன் வளர்ப்பு ஓயவில்லை. விராலோ, தமிழில் அப்பெயரோடும் தெலுங்கில் ‘கொரமீனு’ என்றும், இன்றும் சிறிது நீருள்ள அண்டாவில் உயிரோடு விற்பனைக்கு வருகிறது. பக்கத்தில் கட்லா பனிக்கட்டியின்மேல் கிடக்கிறது.