எதிர்த்திசையில் ஒரு திரைப்பயணம்: வ. ஐ. ச. ஜெயபாலன்

முன்னுரை

தமிழகத்தில் திரையிலிருந்து அரசியலுக்குச் செல்வதே பழகிய வழி. எஸ். எஸ். இராஜேந்திரன் 1962 இல் தேனியிலிருந்து சட்டமன்றம் புகுந்தார், எம். ஜி. இராமச்சந்திரன் 1977 இல் முதலமைச்சரானார். ஈழத்துக் கவிஞர் வ. ஐ. ச. ஜெயபாலனோ கல்வி, அரசியல், கவிதை ஆகியவற்றைக் கடந்து 66 ஆம் வயதில் ‘ஆடுகளம்’ (2011) வழியாகத் திரையில் புகழ்பெற்றார். டூங்கபி முதலிய சிட்னிப் புறநகர்களில் வளரும் இளையோர் அவரை அப்படத்தின் வாயிலாகவே முதலில் அறியக்கூடும். அம்முகத்திற்குப் பின்னுள்ள வாழ்வையும் இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்வியும் அரசியலும்

1944 இல் உடுவிலில் பிறந்த ஜெயபாலன், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்றார். மாணவர் தலைவராகவும் விளங்கினார். ‘பாலி ஆறு நகர்கிறது’ அவரைக் கவிஞராக நிலைநிறுத்தியது. சமூக ஆய்வாளராக அவர் எழுதிய ‘தேசிய இனப்பிரச்சினையும் முஸ்லிம் மக்களும்’ என்னும் நூல், தமிழர் உரிமைப் போராட்டத்தில் முஸ்லிம் மக்களின் இடம் யாது என்ற வினாவைக் கையிலெடுத்தது. 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, அவ்வினாவின் கனம் அனைவருக்கும் புலப்பட்டது. அதற்குள் அவர் நோர்வேக்குப் புலம்பெயர்ந்திருந்தார்.

திரையில் இரவற் குரல்

வெற்றிமாறன் இயக்கிய ‘ஆடுகள’த்தில் ஜெயபாலன் ஏற்ற பேட்டைக்காரன், மதுரையின் சேவற்சண்டை ஆசான். அவர் பேச்சோ யாழ்ப்பாணத்தது. ஆகவே நடிகர் ராதாரவி பின்னணிக் குரல் கொடுத்தார். சொல்லையே வாழ்வாகக் கொண்ட கவிஞர், தம் குரலை விட்டுவிட்டு நடையாலும் பார்வையாலும் மௌனத்தாலும் பாத்திரத்தை நிறுவினார். 58 ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் அவருக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது.

தன் சொல்லை மீறிச் சீடன் வென்றதைப் பொறுக்கமாட்டாத தலைவனே பேட்டைக்காரன். கீழ்ப்படிதலை அன்பென்று கொள்ளும் தலைமையின் வீழ்ச்சியை, ஈழ அரசியலை அருகிருந்து கண்டவர் நடித்ததாலேயே அப்பாத்திரம் ஆழம் பெற்றது எனக் கருத இடமுண்டு.

முடிவுரை

திரைப்புகழ் அவருக்கு அரசியற் காப்பாக அமையவில்லை. 2013 நவம்பரில், தாயாரின் நினைவிடத்தைக் காணச் சென்றவரை, சுற்றுலா விசா விதிகளை மீறினார் என்று கூறி இலங்கை அதிகாரிகள் கைதுசெய்து நாடுகடத்தினர். விருதுபெற்ற நடிகரையன்று, பேசும் கவிஞரையே அரசு கண்டது. படப்பட்டியலை மட்டும் கொண்டு அவர் வரலாற்றை எழுதினால், இரவற் குரலைப் பதிந்து சொந்தக் குரலை விட்டவர்களாவோம்.