ஒரே மாவட்டத்தின் புயல்

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது, அந்த ஊரும் ஆமத்தூரும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. 1910இல் மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் தாலுகாக்களைப் பிரித்தெடுத்து அமைத்த ராமநாதபுரம் மாவட்டம், கிழக்கே பாம்பன் தீவின் மணல்முனையில் தொடங்கி மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரம் வரை நீண்டு கிடந்தது. மீனவர் குப்பத்தையும் சிவகாசியின் தீப்பெட்டி ஆபீஸையும் மதுரையில் அமர்ந்திருந்த ஒரே ஆட்சியர்தான் நிர்வகித்தார். 1985இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. மேற்குப் பகுதி காமராஜர் மாவட்டம் ஆனது. இன்று அது விருதுநகர் மாவட்டம். பாகப்பிரிவினையில் கிணறு ஒருவருக்கும் தோட்டம் ஒருவருக்கும் போவதுபோல, புயலின் வரலாறு கிழக்குப் பங்காளிக்குப் போய்விட்டது. விருதுநகர் வட்டாரத்து வரலாறு என்றால் பருத்தி, மிளகாய் வற்றல், தீப்பெட்டி, பட்டாசு, காமராஜர் என்று எழுதுகிறோம். புயலைக் கடலோர மாவட்டங்களின் கதை என்று விட்டுவிடுகிறோம். இந்தப் பிரிவினை தவறு என்பதே என் வாதம். மன்னார் வளைகுடாவிலிருந்து எழுபது கிலோமீட்டர் அளவில் உள்ளே தள்ளி, விருதுநகர்–சிவகாசி சாலையில் இருக்கும் ஆமத்தூருக்கும் தென்கடல் புயல்களின் வரலாற்றில் பங்கு உண்டு. அந்தப் பங்கை எடுத்துக்கொள்ளாதவரை, தன் கண்மாய் ஏன் சில ஆண்டு பெருகுகிறது, பல ஆண்டு காய்கிறது, எப்போதாவது ஏன் உடைகிறது என்பதை அந்த ஊர் முழுதாகப் புரிந்துகொள்ள முடியாது.

முதலில் அந்தப் புயல் வந்த வழி. டிசம்பர் 17 வாக்கில் அந்தமானுக்குத் தெற்கே, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஐந்தாவது பாகையில், ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானது. நிலநடுக்கோட்டை அவ்வளவு ஒட்டிப் புயல்கள் பிறப்பது அரிது; பூமியின் சுழற்சி காற்றைத் திருப்பிவிடும் விசை அங்கே மிகக் குறைவு. இது அரிய விதிவிலக்காகப் பிறந்து, 19ஆம் தேதி புயலாகி, மேற்கு நோக்கி வந்து, 22ஆம் தேதி இலங்கையின் வடபகுதியை வவுனியாவை ஒட்டிக் கடந்தது. நிலத்தில் ஏறியதும் புயல் தளர்வதுதான் வழக்கம். ஆனால் இலங்கையின் மலைகள் தீவின் நடுவிலும் தெற்கிலும் இருக்கின்றன. வடக்கு தட்டையான பூமி. குறுக்கே தடுக்க எதுவும் இல்லாததால் புயல் அதிகம் வலுவிழக்காமல் பாக் நீரிணையில் இறங்கி, நள்ளிரவை ஒட்டித் தனுஷ்கோடியில் மோதியது. காற்றின் வேகம் மணிக்கு 240 கிலோமீட்டருக்குக் குறையாது என்று மதிப்பிட்டார்கள். ஆழமில்லாத கடலில் காற்று தள்ளிய தண்ணீருக்குக் கீழே இறங்க இடமில்லை. மேலேதான் எழ வேண்டும். இருபது அடிக்கு மேல் எழுந்த நீர், இருபுறமும் கடல் சூழ்ந்த அந்த மணல் நாக்கின் மீது ஏறிக் கடந்தது.

தனுஷ்கோடி அப்போது நாட்டின் வாசல்களில் ஒன்று. அதற்கு முன் அந்த வேலையைச் செய்தது தூத்துக்குடி. சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் மதுரை, விருதுபட்டி (இன்றைய விருதுநகர்) வழியாக ரயிலில் தூத்துக்குடி சென்று கப்பலேறினார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் அந்தப் போக்குவரத்து விருதுபட்டியை விட்டுத் தனுஷ்கோடிக்கு மாறியது. போட் மெயில் ரயிலில் வந்து இறங்கி, சுங்கச் சோதனை முடித்து, நீராவிக் கப்பலில் தலைமன்னார் போனார்கள். ரயில் நிலையம், துறைமுக அலுவலகம், தபால் நிலையம், பள்ளி, மாதா கோயில் என்று ஐம்பது ஆண்டுகளில் ஒரு ஊர் எழுந்தது. அது ஒரே இரவில் போயிற்று. அன்றிரவு 11.55க்குப் பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பயணிகள் ரயிலில் 110 பயணிகளும் 5 ஊழியர்களும் இருந்தார்கள். தனுஷ்கோடியை நெருங்கும்போது சமிக்ஞை விளக்கு எரியவில்லை. ஓட்டுநர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, ஊதல் கொடுத்து வண்டியை நகர்த்தினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அலை அந்த வண்டியை மொத்தமாக எடுத்துக்கொண்டது. இலங்கையிலும் இந்தியாவிலும் சேர்த்து ஏறத்தாழ 1,800 பேர் இறந்தார்கள். பாம்பன் பாலத்தின் இரும்பு உத்திரங்களில் பெரும்பாலானவை கடலில் விழுந்தன. கப்பலுக்காகத் திறக்கும் நடுப்பகுதி மட்டும் தப்பியது. இ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் பொறுப்பில் பாலம் 46 நாளில் சீரானது. ஊர் சீராகவில்லை, வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. அதற்குப் பிறகும் அந்த மணலில் குடிசை போட்டு மீன் பிடித்த குடும்பங்களுக்குக் குடிநீரும் மின்சாரமும் சாலையும் பல பத்தாண்டுகள் எட்டவில்லை. இதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

இதில் ஆமத்தூருக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அன்றிரவு ஆமத்தூரில் என்ன காற்று அடித்தது என்பதை நம்பி நான் வாதாடவில்லை. நான் பார்க்கச் சொல்வது புயல் வந்த வழியை. வங்கக் கடலில் பிறக்கும் புயல்களில் பெரும்பாலானவை வடக்கே திரும்பி ஆந்திரா, ஒடிசா, வங்கம் என்று போகின்றன. தமிழகத்துக்கு வருபவையிலும் பல நாகப்பட்டினத்துக்கு வடக்கேதான் கரையேறுகின்றன. தென்கோடிக்கு இலங்கைத் தீவே கேடயம். இலங்கையைத் தாண்டி மன்னார் வளைகுடாவுக்கோ பாக் நீரிணைக்கோ வருபவை குறைவு. வந்தவை மறக்க முடியாதவை. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறையாடிய புயல் மறுநாளே ராமநாதபுரம் கடற்கரையில் கீழக்கரைப் பக்கம் ஏறியது. 1992 நவம்பர் 13இல் ஒன்று தூத்துக்குடி அருகே கரை கடந்தது. 2020 டிசம்பரில் புரெவி திருகோணமலை வழியாக வந்து பாம்பன் பக்கம் நின்றது. 1964இன் புயலோடு சேர்த்து நான்கும் ஒரே வாசல் வழியாக வந்தவை. அந்த வாசலில் புயல் மட்டுமா வருகிறது? ஐப்பசி, கார்த்திகையில் கீழ்வானம் இருண்டு கரிசல்காட்டுக்கு மழை கொண்டுவரும் சிறு தாழ்வுகளும் சுழற்சிகளும் அதே வழியில்தான் வருகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவத்தைத் தடுத்துவிடுவதால், ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் பெறும் விருதுநகர் மாவட்டத்துக்குப் பாதியளவு மழை இந்தக் கீழ்த்திசையிலிருந்து கிடைத்தாக வேண்டும். கடற்கரைக்காரர் அஞ்சிப் பார்ப்பதும் மானாவாரி விவசாயி ஏங்கிப் பார்ப்பதும் வானத்தின் ஒரே மூலையைத்தான்.

புயலின் கதை கரை கடந்ததோடு முடிவதில்லை என்பதற்கு 1992 நல்ல சான்று. கரையேறியது தூத்துக்குடி அருகே. பெருமழை கொட்டியது எண்பது கிலோமீட்டர் உள்ளே, மாஞ்சோலை மலையில். காக்காச்சியில் ஒரே நாளில் 96 சென்டிமீட்டர் அளவுக்குப் பதிவானது. மலை அந்தக் காற்றை மேலே தள்ளித் தண்ணீராகப் பிழிய, தாமிரபரணி கரைபுரண்டு சமவெளியில் உயிர்களைக் கொண்டுபோனது. 2018இல் கஜா வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறி, புதுக்கோட்டையின் தோப்புகளைச் சாய்த்து, திண்டுக்கல், கொடைக்கானல் வரை மரங்களை முறித்துவிட்டுத்தான் அரபிக் கடலுக்குப் போனது. கரை கடந்த இடத்தின் பெயரைப் புயலுக்குச் சூட்டிவிடுவதால், அது அதன்பிறகு நடந்த நூறு கிலோமீட்டர் நம் நினைவிலிருந்து விழுந்துவிடுகிறது.

இதற்கு வலுவான மறுப்பு சிவகாசியிலிருந்தே வரும். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து இங்கே நடத்த முடிந்ததற்குக் காரணம், இந்த மண்ணில் மழை இல்லாததுதானே? குச்சியும் பெட்டியும் வெயிலில் காய வேண்டும். பட்டாசுத் திரியும் மருந்தும் காய வேண்டும். புயல் எட்டாத வறண்ட பூமி என்பதே இந்த வட்டாரத்தின் மூலதனம். அப்படியிருக்க புயலின் வரலாற்றில் இதற்கு ஏது பங்கு? மறுப்பின் முன்பாதி உண்மை. ஆனால் வறட்சி என்பது மழையே இல்லாமை அல்ல. ஆண்டின் மழை சில வாரங்களில் குவிந்து வருவது. பயர் ஆபீஸ் என்று இங்கே சொல்லும் பட்டாசு ஆலைகளின் நாட்காட்டி அந்த வாரங்களைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது. கோடை முழுக்க ஓடி, தீபாவளிச் சரக்கை ஐப்பசிக்கு முன் லாரியேற்றிவிட்டு, அடைமழைக் காலத்தில் வேலை குறைகிறது. மேலே சொன்ன நான்கு புயல்களும் அந்தந்த ஆண்டின் தீபாவளி கழிந்த பிறகு வந்தவையே. மழை நாளில் வேலை நடந்தால் என்ன ஆபத்து என்பது தொழிலாளர்களுக்குத் தெரியும். அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் இறங்கினால் அது தானாகவே உள்ளுக்குள் சூடேறும். முந்தின நாள் மீந்ததை மறுநாள் காலையில் கையால் கிளறும்போது வெடித்துவிடும். கடலில் எழும் ஈரக்காற்று ஆமத்தூர்ப் பக்கத்து அறைக்குள் ஓர் உயிரை எடுக்க, மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம் தேவையில்லை.

இன்னொரு மறுப்பும் உண்டு. மழைக்குப் புயல் எதற்கு? 2023 டிசம்பரில் புயலே இல்லாமல், வெறும் வளிமண்டலச் சுழற்சியில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே. பெரும்புயல்கள் வேகமாகக் கடந்துபோய் மழையை அதிகம் விட்டுவைக்காததும் உண்டு. ஒப்புக்கொள்கிறேன், தனுஷ்கோடியை அழித்த காற்றுதான் ஆமத்தூர்க் கண்மாயை நிரப்பியது என்று யாராவது சொன்னால் அது பொய்க்கணக்கு, இறந்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதையும்கூட. நான் சொல்வது அதுவல்ல. கடல் தரும் மழைக்கும் கடல் தரும் அழிவுக்கும் நடுவே வகைமாற்றம் இல்லை, அளவுமாற்றம் மட்டுமே உண்டு. 2023 இதை மறுக்கவில்லை, உறுதிப்படுத்துகிறது. புயல் என்று பெயர் சூட்டிக் கரையில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால்தான் ஆபத்து என்று நினைத்திருந்த உள்நாட்டு ஊர்களை, பெயரில்லாத ஒரு சுழற்சி மூழ்கடித்தது.

கரிசல் பூமியில் அந்த அளவுமாற்றத்தை ஏற்றுக்கொள்ளும் இடம் கண்மாய்தான். சித்திரை, வைகாசி வெயிலில் கரிசல்மண் கரை பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பில் கை முழுதும் நுழையும். ஐப்பசியில் மெதுவாகத் தூறி மண் நனைந்தால் வெடிப்பு தானே மூடிக்கொள்ளும். அதற்கு அவகாசம் தராமல் முதல் மழையே பேய்மழையாக வந்தால், தண்ணீர் வெடிப்புக்குள் புகுந்து கரையை உள்ளிருந்து அறுக்கும். இங்கே கண்மாய்கள் தனித்தனி இல்லை. மேல்கண்மாய் நிறைந்து கலுங்கு வழியே மறுகால் பாய்ந்தால் அதுவே கீழ்க்கண்மாய்க்கு வரத்து. ஒன்று உடைந்தால் அதன் தண்ணீர் மொத்தமும் அடுத்ததன் மேல் ஒரே மூச்சில் விழும். கலுங்கின் உயரத்தையும் கரையின் அகலத்தையும் வகுத்த பழைய மனிதர்கள் சராசரி ஆண்டை மட்டும் மனதில் வைத்திருந்தால் அவ்வளவு பெரிய கலுங்குகள் கட்டியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். எப்போதோ ஒருமுறை கிழக்கிலிருந்து வரும் பெருவெள்ளத்துக்கும் அவர்கள் இடம் விட்டார்கள். பின்னால் வந்த நாம் வரத்துக்கால்களில் சீமைக்கருவேலத்தை அடர விட்டோம், மறுகால் ஓடைகளில் கட்டடம் எழுப்பினோம். கடலோர மாவட்டம் இல்லை என்ற ஒரு சொல் இந்த அலட்சியத்துக்கு நிர்வாகச் சான்றிதழாகிவிட்டது.

இந்தத் தண்ணீர் கடைசியில் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இந்த வட்டாரத்து வெள்ளம் அர்ச்சுனா நதியில் சேர்ந்து, இருக்கன்குடியில் வைப்பாற்றோடு கலந்து, தூத்துக்குடிக்கு வடக்கே மன்னார் வளைகுடாவில் விழுகிறது; எந்தக் கடலிலிருந்து மேகம் வந்ததோ அதே கடலில். 2020 டிசம்பர் 4ஆம் தேதி புரெவிக்காகத் தமிழக அரசு ஆறு தென்மாவட்டங்களுக்குப் பொதுவிடுமுறை விட்டது. ராமநாதபுரம், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய நான்கும் கடல் உள்ளவை. தென்காசியும் விருதுநகரும் கடல் இல்லாதவை. புரெவி ராமநாதபுரத்தை ஒட்டியே நின்று வலுவிழந்ததால் காற்று பற்றிய அச்சம் பலிக்கவில்லை. ஆனாலும் அந்தப் பட்டியல் சரியாகவே போடப்பட்டது. 1910இன் பழைய மாவட்டத்தின் கிழக்கு முனையும் மேற்கு முனையும் அன்று ஒரே புயலுக்காகக் கதவை அடைத்துக் காத்திருந்தன.