யாரு சொன்னா?

மொதல்ல ஒரு வாக்குமூலம். 2017 பிப்ரவரியில தமிழ்நாட்டுல தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் ஆரம்பிச்சப்ப, "புள்ளைங்களுக்குப் போடாதீங்க, ஆபத்து"ன்னு வாட்ஸ்அப்ல ஒரு செய்தி சுத்துச்சு. நான் அப்ப இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். கொஞ்சம்கூட யோசிக்காம குடும்ப குரூப்புல தள்ளிவிட்டேன். 'கம்ப்யூட்டர் படிக்கிறவன், தெரியாமயா அனுப்புவான்'னு நம்பி, முகாம் அன்னிக்கு அக்கா தன் பையனை ஸ்கூலுக்கே அனுப்பல. அப்புறம் டீச்சர் கூப்பிட்டுப் பேசினதாலதான் ஊசி போட்டாங்க.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

அதே வருஷம் அக்டோபர்ல முகாம் கேரளாவுக்குப் போச்சு. கூடவே வதந்தியும் போச்சு. கண்ணூர் மாவட்டத்துல பல பெற்றோர் ஊசியே வேணாம்னுட்டாங்க. அப்ப கலெக்டரா இருந்த மிர் முகமது அலி, மறுப்பு அறிக்கை விட்டா மட்டும் போதாதுன்னு முடிவு பண்ணி, 2018ல 'சத்யமேவ ஜயதே'ன்னு ஒரு திட்டம் கொண்டு வந்தார். மாவட்டத்தின் சுமார் 600 அரசுப் பள்ளிகளில் 150ல் 40 நிமிஷ வகுப்பு. இதை யார் எழுதினது? வேற எங்கயாவது வந்திருக்கா? தலைப்பு ஏன் இப்படிக் கத்துது? நமக்குப் பிடிச்ச செய்தியே ஏன் திரும்பத் திரும்ப நம்மகிட்ட வருது? இப்படிக் கேட்கத்தான் சொல்லிக்கொடுத்தாங்க. பசங்க அந்தக் கேள்விகளை வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பா அம்மாகிட்டயே கேட்டாங்க.

சின்ன விஷயமா தெரியுதா? அதே 2018 மே மாசம் திருவண்ணாமலை மாவட்டத்துல, குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த ஒரு வயசான அம்மாவைப் 'புள்ள புடிக்கிறவ'ன்னு சந்தேகப்பட்டு ஊரே அடிச்சுக் கொன்னுச்சு. ஜூலையில மகாராஷ்டிரா துலே மாவட்டத்துல அஞ்சு பேர். காரணம் அதே வதந்திதான். அந்த மாசமே, இந்தியாவுல ஒரு செய்தியை ஒரே நேரத்துல அஞ்சு பேருக்கு மேல ஃபார்வர்ட் பண்ண முடியாதபடி வாட்ஸ்அப் மாத்துச்சு.

பொட்டி தட்டுறவனா சொல்றேன், நல்ல ஏற்பாடுதான். ஆனா அஞ்சு பேருக்குப் போனாலும் பொய் பொய்தானே? அனுப்புற விரலை நிறுத்த பக்கத்துல ஒரு ஆள் வேணும். பெரியவங்க கேட்டா கௌரவப் பிரச்சினை ஆயிடும். புள்ளைங்க கேட்டா கோபம் வராது, வெட்கம்தான் வரும். கண்ணூர்ல செஞ்சதோட சூட்சுமம் இதுதான்னு நினைக்கிறேன்.

அக்கா பையன் இப்போ ஹைஸ்கூல். போன வாரம் நான் குரூப்புல ஒண்ணு போட்டேன். கீழயே அவன் பதில்: "மாமா, இதை யாரு சொன்னா?"

தேடிப் பார்த்தேன். யாரும் சொல்லல. அழிச்சுட்டேன்.