ஈயம்: ஒரு சொல், மூன்று உலோகங்கள்

தென்காசி வட்டாரத்துச் சமையலறையின் வரலாற்றை எழுதப் புகுவோர் 'ஈயம்' என்ற சொல்லருகே சற்று நிற்க வேண்டும். வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. முன்னது உணவோடு இசைவது, பின்னது நஞ்சு. சித்த மருத்துவம் இவற்றை வெள்வங்கம், கருவங்கம் எனப் பிரித்தே வழங்கியது. பேச்சு வழக்கோ அடைமொழியை உதிர்த்துவிட்டது.

உலோகக் கரண்டிகள் பெருகுமுன் இங்கே சிரட்டையே கருவி. பிற பகுதியினர் கொட்டாங்கச்சி என்பதை, 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த செங்கோட்டையை ஒட்டிய இம்மண், மலையாளத்தைப் போலவே சிரட்டை என்கிறது. அதைத் தேய்த்து வழவழப்பாக்கி, துளையிட்டு, மூங்கில் காம்பு செருகினால் அகப்பை. வீட்டாரே செய்துகொண்டது. புளியோ மோரோ பட்டால் அது கெடுவதில்லை, மண்சட்டியையும் கீறுவதில்லை.

பித்தளையில் சமைக்கத் தொடங்கியபோது புதிய சிக்கல் எழுந்தது. புளிப்புப் பட்டால் அதில் களிம்பேறும். ஆகவே உட்புறம் வெள்ளீயம் பூசினர். பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரம் தூவி, உருகிய ஈயத்தைப் பஞ்சால் பரப்புவது முறை. 232 டிகிரி செல்சியஸிலேயே வெள்ளீயம் உருகுவதால் தெருவோரத் துருத்தி உலை போதுமாயிருந்தது. அப்பூச்சு மெல்லியது, இரும்புக் கரண்டி சுரண்டிவிடும். அங்கும் அகப்பையே துணை நின்றது.

வெள்ளீயத்தோடு நமக்குள்ள உறவு பழையது. குற்றாலத்தில் அருவியாக விழும் சிற்றாறு தாமிரபரணியில் கலக்கிறது. அந்நதியின் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் அகழ்ந்தெடுத்தவற்றுள் வெண்கலக் கலங்களும் உண்டு. வெண்கலமென்பது செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த கலவையே.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கு வித்திட்டார். வெளுத்த நிறம் கண்ட மக்கள் அதையும் 'ஈயப் பாத்திரம்' என்றனர். ஒரு சொல்லுக்குள் மூன்று உலோகங்கள் அடைபட்டன.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. காரீயம் வெள்ளீயத்தினும் மலிவு. பூச்சிலோ ரசம் வைக்கும் ஈயச் சொம்பிலோ அது கலந்தால் கண்ணால் அறிய இயலாது. இந்தியாவிலிருந்து சென்ற சில அலுமினிய, பித்தளை, இண்டாலியப் பாத்திரங்களிலிருந்து காரீயம் உணவில் இறங்கக்கூடுமென 2025இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குலைக்கும் அந்நஞ்சுக்குப் பாதுகாப்பான அளவென ஒன்றில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

வீட்டில் கருவி செய்ய முனைவோர் பழைய இரும்புக்கடைத் தகட்டையும், பற்றவைக்கும் ஈயத்தையும் அடுக்களைக்குள் விடலாகாது. சாயம் பூசாத மரமும் சிரட்டையும் போதும். பாத்திரம் வாங்குகையில் 'ஈயமா?' என்று கேட்பதோடு நில்லாமல், 'எந்த ஈயம்?' என்றும் கேட்போம்.